திருந்தியவர் வேண்டும், ஏழு பேர்

“கோர்ட்டுல பேசறது வேற, ஏலம் வுடறது வேற பாப்பா. நீ தாங்க மாட்ட.”

கறுப்புக் கோட்டோடு திருப்பாதிரிப்புலியூரில் சீனியரின் அலுவலகத்துக்குள் நுழைந்த முதல் நாள், குமாஸ்தா கோவிந்தன் இப்படிச் சொன்னார். என் அம்மா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வரும். “தாங்குறேனா இல்லியான்னு பாருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இப்போது சட்டம் படிக்கும் பெண்கள் “முதல்ல தனியா நடத்துன கேஸ் எது?” என்று கேட்கிறார்கள். அது திருந்தாத ஒருவரின் கேஸ்.

1. ஐஸ் பெட்டி

சேகர் அண்ணன் எங்களுக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர். விடியலில் மீன் எடுத்து மொபட்டில் கீரப்பாளையம் பக்கம் தெருத் தெருவாக விற்பவர். அவர் கையில் ஒரு நோட்டீஸோடு வந்தார். அவர் வழக்கமாகக் கஞ்சா விற்பவர் என்றும், நன்னடத்தைக்குப் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டுமென்றும், கோட்டாட்சியர் முன் ஆஜராக வேண்டுமென்றும் அதில் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பெயரும் அந்தப் பிரிவின் எண்ணும் இப்போது மாறிவிட்டன. ஸ்டேஷனில் இன்னும் பழைய எண்ணில் ‘ஒன்-டென்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பத்திரத்தில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் பெயர் ரவுடிப் பட்டியலில் ஏறிவிடும். அப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும், ஒவ்வொரு தலைவர் வருகைக்கும் ஆளைக் கூப்பிட்டு ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். மீன் வியாபாரத்துக்கு விடியலைத் தவிர வேறு நேரம் கிடையாது. ஸ்டேஷன் பெஞ்சில் விடிந்தால் அவர் பிழைப்பு போச்சு.

“கஞ்சா வித்தீங்களாண்ணே?”

“பீடி கூட கெடையாது தங்கச்சி.”

“அப்புறம் எப்படி?”

“திருந்திட்டேன்.”

“எதுலேர்ந்து?”

“அதான் தெரியல.”

மெல்ல மெல்லத்தான் கதை வெளியே வந்தது. கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் கலியமூர்த்தி, ‘போதையில்லா ஒன்றியம்’ என்று விழா எடுத்திருக்கிறார். பக்கத்து ஒன்றியத்து மேடையில் திருந்தியவர்கள் ஐந்து பேர் என்பதால் இவருக்கு ஏழு பேர் வேண்டும். திருந்தியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடையும், மறுவாழ்வுக்கு ஏதாவது ஒரு பொருளும் உண்டு. ஏழாவது ஆளாக வரச் சம்மதித்தவன் சேகர் அண்ணனின் மச்சான் பிரபு. அவன் நிஜமாகவே கஞ்சாவில் விழுந்தவன், விட்டுவிட வேண்டுமென்று நிஜமாகவே தவித்தவன். விழா அன்று அண்ணன்தான் அவனை மொபட்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். முந்தின நாளிலிருந்து தொடாததால் பிரபுவுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது.

கலியமூர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தாராம். “யோவ், இவன் நெஜமா கஞ்சா அடிச்சவன் மாதிரியே இருக்கான்யா. மேடைக்கு ஆவாது.” பிறகு வெள்ளைச் சட்டையில் நின்ற அண்ணனைப் பார்த்தார். “நீ ஏறு. ஒரே குடும்பந்தான?”

அண்ணன் ஏறினார். தொடக்கத்துக்கு வந்த அதிகாரிகள் கிளம்பிய பிறகு, எழுதிக் கொடுத்ததை மைக்கில் படித்தார்: “நான் இனிமேல் கஞ்சா விற்க மாட்டேன்.” கைதட்டல், பொன்னாடை, மீனுக்கு ஒரு ஐஸ் பெட்டி. அந்த வீடியோ ஊர் ஊராகப் போயிற்று. தேர்தலுக்கு முன் ஒன்-டென்னுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் போனுக்கும் போயிற்று.

“ரொம்ப சிம்பிள்ணே. மச்சானுக்குப் பதிலா நின்னேன்னு சொல்லிடலாம்” என்றேன்.

“அவன் மேல ஏற்கெனவே சின்ன கஞ்சா கேஸ் ஒண்ணு இருக்கு. இதுலயும் சேத்து வுட்டா தொங்கிருவான். அவன் பேர மட்டும் எடுக்காத.”

2. ஏழா, ஆறா

கலியமூர்த்தியிடம் ஒரு கடிதம் வாங்கப் போனேன்.

“சேகர் ஆள் கணக்குக்கு நின்னவருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“குடுத்தா நான் திருத்துனது ஆறு பேருன்னு ஆயிடும்மா.”

“பக்கத்து ஒன்றியத்துல அஞ்சுதான? அப்பவும் நீங்கதான் ஜாஸ்தி.”

ஒரு நிமிஷம் அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. “அந்த ஆறுலயும் ரெண்டு பேரு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “டீ சாப்புடறியா?”

கடிதம் கிடைக்கவில்லை. டீ கிடைத்தது.

3. இனிமேல்

விசாரணை அன்று கோட்டாட்சியர் அம்மா, இன்ஸ்பெக்டர், நாங்கள் இரண்டு பேர். அவ்வளவுதான்.

“மேடம், சாட்சியே தேவையில்ல. அவரே மைக்குல ஒத்துக்கிட்டாரு” என்று இன்ஸ்பெக்டர் போனை நீட்டினார். “‘இனிமேல் விற்க மாட்டேன்’னா, இதுவரைக்கும் வித்தேன்னுதான அர்த்தம்?”

கோட்டாட்சியர் அண்ணனைப் பார்த்தார். “நீங்க திருந்திட்டீங்களா இல்லியா?”

“இல்லீங்கம்மா. திருந்தறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க.”

“பாத்தீங்களா மேடம், திருந்தலன்னு அவரே சொல்றாரு!”

“அப்புறம் ஏன் மேடை ஏறுனீங்க?” என்று கோட்டாட்சியர் கேட்டார்.

நான் பயந்திருந்த கேள்வி இதுதான். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “பெட்டிக்குத்தாங்கம்மா. ஓசியில கெடைக்குதேன்னு ஏறிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கோட்டாட்சியர் முகம் சுளித்தார். கடற்கரையில் ஒரு காசு பாக்கி வைக்காத மனிதர், மச்சானுக்காகப் பேராசைக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு நின்றார். நான் எழுந்தேன்.

“மேடம், வீடியோவ மொதல்லேர்ந்து போடச் சொல்லுங்க.”

போட்டார்கள். விழா உறுதிமொழியோடு ஆரம்பித்தது. மேடையில் எல்லாரும் வலது கையை நீட்டியபடி நின்றார்கள். சிறப்பு விருந்தினர், கலியமூர்த்தி, தலைமை ஆசிரியர், கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள். மேடை நடுவில் தொப்பியோடு இன்ஸ்பெக்டர். எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “நான் இனிமேல் எந்தப் போதைப்பொருளையும் தொட மாட்டேன், விற்க மாட்டேன்...”

“மேடம்,” என்றேன், ஏலக் குரலிலேயே. “இன்ஸ்பெக்டர் சார் எப்பலேர்ந்து விக்கறத நிறுத்துனாருன்னு கேட்டுச் சொல்ல முடியுங்களா?”

“ஏய், என்னம்மா பேசற!”

“‘இனிமேல்’னா இதுவரைக்கும் வித்ததா அர்த்தம்னு நீங்கதான் சார் சொன்னீங்க. அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பணும்.”

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. காமிரா மெல்லத் திரும்பியது. மேடையின் ஓரத்தில், கையை எல்லாரையும் விட நேராக நீட்டியபடி, கோட்டாட்சியர் அம்மாவே நின்றார்.

கோட்டாட்சியர் போனைக் கையால் மறைத்தார்.

“நிறுத்துங்க அத” என்றார் அவர்.

“விக்கறதயா மேடம்?” என்று பதற்றத்தில் இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டார்.

“வீடியோவ!”

நோட்டீஸ் ரத்தானது. அண்ணன் மேல் எந்த வழக்கும் இல்லை, மேடைப் பேச்சைத் தவிர வேறு ஆதாரமும் இல்லை என்று உத்தரவில் எழுதினார்கள். வெளியே காத்திருந்த கலியமூர்த்தி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். “சந்தோசம்பா. ஆனா நீ திருந்தலன்னு ஆர்டரே வந்துருச்சே. பெட்டியக் குடுத்துரு, அடுத்த விழாவுக்கு ஆவும்.” அண்ணன் மறுநாளே பெட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டார்.

4. மச்சான்

அந்த வாரமே பிரபு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கை இன்னும் நடுங்கியது.

“மாமா எங்கயும் என் பேரச் சொல்லலியாமேக்கா.”

“சொல்லல.”

“இன்ஸ்பெக்டர் போய்ச் சொல்லி, ஊரே அவர ஓசிப் பெட்டின்னு கூப்புடுது.” நாற்காலியில் உட்கார்ந்தான். “நானே சொல்லிர்றேன்க்கா. எங்க சொல்லணும்?”

உண்மையில் அது எனக்கும் தெரியவில்லை. கஞ்சா கேஸ் என்றால் ஜாமீன், வாய்தா, அபராதம் என்றுதான் அதுவரை பார்த்திருந்தேன். அன்று மத்தியானம் போதைப்பொருள் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்டவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தானாகவே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது. இவ்வளவு வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது. கோவிந்தன் அண்ணன் எட்டிப் பார்த்து, “இந்த செக்‌ஷன்ல நான் ஒரு மனு கூட டைப் அடிச்சதில்லியே பாப்பா” என்றார்.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். எங்கள் ஊர் மேடைகளில் குற்றவாளிக்கு இடமுண்டு, திருந்தியவனுக்கு இடமுண்டு. திருந்திக்கொண்டிருக்கிறவனைக் கை நடுங்குகிறது என்று இறக்கிவிடுகிறார்கள். அவனுக்கான இடத்தை நாம்தான் புத்தகத்தில் தேடி எடுக்க வேண்டும்.

பிரபு இப்போது அரசு மருத்துவமனையின் போதை மீட்பு வார்டில் இருக்கிறான். அண்ணன் மீன் விற்றுவிட்டுப் போய் அவனைப் பார்த்து வருகிறார். நேற்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 64ஏ மனுவைத் தாக்கல் செய்துவிட்டேன். கோர்ட்டில் அதை ஏற்று நம்பரும் போட்டுவிட்டார்கள். மனுதாரர், பிரபு. எதிர்மனுதாரர், அதே இன்ஸ்பெக்டர்.