சப்பாத்து நனையாமல் எடுத்த தண்ணீர்

அந்தக் காலத்தில் ஆற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சோதனைச்சாலையில் சேர்ப்பதுதான் என் உத்தியோகம். சூலியா தெருவில் நான் சைக்கிள் ஏறும் மிடுக்கைப் பார்த்தவர்கள் கவர்னரே கிளம்புகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

டோபிகள் துவைக்கும் துறைக்கு மேலே புதிதாக ஒரு ரப்பர் ஆலை வந்திருந்தது. அதன் புளித்த கழிவு ஆற்றில் கலந்து வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்பேறுகிறது, வாடிக்கைக்காரர்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்று டோபிகள் மனுக் கொடுத்தார்கள். வாரம் ஒரு சீசா, நான்கு வாரம் சோதிக்க உத்தரவானது. முதல் மூன்று முறையும் தண்ணீர் சுத்தம் என்றே வந்தது. நான்காவதும் அப்படியே வந்தால் மனுவைத் தள்ளிவிடப்போவதாகச் சோதனைச்சாலையின் மேலதிகாரி, வெள்ளைக்கார டாக்டர் துரை சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, டோபிகள் மேல். துறையில் முதல் கல்லில் துவைக்கும் அக்காவிடம் நேராகப் போனேன். காலில் மாட்டிய புதுச் சப்பாத்து நனையக்கூடாதென்று வாராவாரம் சீசாவை அவளிடம் நீட்டிவிட்டு, மரத்தடியில் சுருட்டுப் பிடிக்கிறவன் நான்.

“தண்ணி நல்லாத்தான் இருக்காம். எதுக்குக்கா சும்மா மனு?”

அவள் ஒரு பழுப்பு வேட்டியை என் முகத்துக்கு நேரே விரித்தாள். “இதப் பாருங்க பாய். இதா நல்ல தண்ணி?”

“நீங்கதானே மொண்டு குடுத்தீங்க?”

“அத நான் குடிதண்ணிப் பைப்புலதான் புடிச்சேன்! தொரை வாயில வெச்சுப் பாப்பாருன்னு நெனச்சேன். ஒரு மனுசனுக்கு இந்தச் சாக்கடையையா குடுப்பாங்க?”

துறையே சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி நானே மொண்டேன். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே சீசாவை மூடினேன்.

துரையிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம் உள்ளுக்குள் உதைத்தது. அவரோ சீசாவைத் திறந்து முகர்ந்தவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். என்னைத் திட்ட அவருக்கு மூச்சு இல்லை.

கழிவை ஆற்றில் விடாமல் குழி வெட்டித் தேக்கும்படி ஆலைக்கு உத்தரவு போனது. சில மாதம் கழித்து நான் துறைக்குப் போனபோது கொடிகளில் இடமில்லாமல் புல்வெளியெங்கும் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் கூசியது. கரையில் மூட்டைக்கு மேல் மூட்டை. குசலம் விசாரிக்கலாமென்று கல்லருகே போனேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஓரமா போங்க லா பாய், வேலை தலைக்கு மேல கெடக்கு!”

யார் விரட்டியும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.