கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு

கதிரேசன் அண்ணன் இறந்த செய்தி காளவாசல் சிக்னலில் வைத்து எனக்கு வந்தது. "தம்பி, உங்க அண்ணே போயிட்டாக" என்றார் போனில் அவர் மனைவி வள்ளி அக்கா. எங்கே என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் புரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைத் தவிர எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் பார்த்திருந்தால், "இவங்ககிட்ட ரயிலக் குடுத்துப் பாரு மாப்ள, ஒரே நாள்ல ஊரு காலி" என்றிருப்பார்.

விளாங்குடிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு அவரை டைல்ஸ் கடைக்காரராகத் தெரியும். ரயில்வேயில் அவர் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. இங்கிலாந்துக்குப் போனதுமில்லை. ஆனால் அவருடைய மொட்டைமாடி அறையில் ஒரு இங்கிலீஷ் கிளை ரயில்பாதை இருந்தது. நஷ்டம் என்று சொல்லி அந்த நாட்டில் என்றோ மூடிவிட்ட பாதைகளின் சாயலில், மர மேசைகள் மேல் அவரே சின்னதாக அமைத்த மாதிரிப் பாதை. "இம்புட்டு அழகான லைன மூட எப்படி மனசு வந்துச்சு?" என்று, வார்டு கவுன்சிலரைத் திட்டுவதுபோல, அந்நாட்டு அரசைத் திட்டுவார். மலைகள் உடைந்த டைல்ஸால் ஆனவை. சித்திரை மாதம், தகரக் கூரைக்குக் கீழே, கம்பளிக் கோட்டு போட்ட குட்டிப் பயணிகள் குடை விரித்து நிற்பார்கள். பனியனோடு நாங்கள் அவர்களுக்கு ரயில் விடுவோம்.

அறையின் குறுக்கே அண்ணன் ஒரு பிளைவுட் தடுப்பு அடித்திருந்தார். அந்தப் பக்கம் அவருடைய ஸ்டேஷன், இந்தப் பக்கம் என்னுடையது. நடுவில் ஒரு சுரங்கம், இரண்டு பக்கத்து மணிகளையும் இணைக்கும் ஒரு கம்பி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பேச்சும் கிடையாது. வண்டியை அனுப்பலாமா என்று நான் மணி அடித்துக் கேட்பேன். அவர் திருப்பி அடித்தால் அனுப்புவேன். வண்டி வந்து சேர்ந்ததும் இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு அடி. அது கேட்கும்வரை அடுத்த வண்டி கிளம்பக் கூடாது. பழைய இங்கிலீஷ் ரயில்களின் முறை அதுதான்.

வேடிக்கை பார்க்க வந்த அவருடைய சகலை ஒருமுறை கேட்டார்: "நாலடி தள்ளித்தான நிக்கிறாரு, வாயில கேட்டா என்னண்ணே?"

"அவரு அடுத்த ஊர்ல இருக்காரு. எப்படிய்யா கேக்கும்?"

அறைக்குள் நான் அவருக்கு 'மாப்ள' இல்லை, 'சார்'. ஒரு நாள் சுரங்கத்துக்குள் பல்லி புகுந்து, கடைசிப் பெட்டி கழன்று உள்ளேயே நின்றுவிட்டது. எஞ்சின் அவர் பக்கம் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டும் மணி வரவில்லை. "வண்டிதான் வந்துருச்சே" என்று கத்தினேன். கீழே தேநீர் குடிக்கும்போதுதான் சொன்னார்: "வந்தது எஞ்சின் மட்டும். வண்டின்னா கடைசிப் பெட்டியில எரியிற சிவப்பு லைட்டு வரைக்கும். அதப் பாக்காம வந்துருச்சுன்னு சொல்லக் கூடாது மாப்ள." அரிசி அளவுதான் அந்த விளக்கு.

நாங்கள் கடைசியாக ரயில் விட்ட ஞாயிறன்று, என் வண்டி சுரங்கத்துக்குள் இருக்கும்போது கரண்ட் போனது. வெகுநேரம் காத்திருந்தோம்; மின்வாரியம் மனமிரங்கவில்லை. படியிறங்கும்போது அண்ணன், "அடுத்த ஞாயித்துக்கெழம வா மாப்ள, வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். வண்டி போகவில்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வள்ளி அக்கா கூப்பிட்டார். மாடியை வாடகைக்கு விட வேண்டும் என்கிறானாம் மகன். அதற்கு முன்னால் ரயிலை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். போய் என் பக்கத்தில் நின்றேன். சுரங்கத்துக்குள் கையை விட்டு எடுத்திருக்கலாம். ஒரு முழம்கூட இல்லை. கை போகவில்லை.

"என்ன தம்பி யோசிக்கிறீக?"

"அண்ணே இன்னும் மணி அடிக்கல அக்கா."

சிரிப்பார் என்று நினைத்தேன். 'இங்கிலாந்துல இருந்து இறங்கி வந்து சாப்பிடுங்க' என்று கீழேயிருந்து எங்களைக் கேலி செய்தவர் அவர். சிரிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு தடுப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். "சுவிட்சப் போடுங்க" என்றார்.

போட்டேன். சுரங்கத்துக்குள் வண்டி அசைந்தது. சக்கரங்களின் சத்தம் என்னைவிட்டு நகர்ந்து தடுப்பைத் தாண்டியது.

"வந்துருச்சாக்கா?"

"இருங்க தம்பி. செவப்பு லைட்டு இன்னும் வரல."

பிறகு மணி அடித்தது. இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு அடி. அண்ணன் விடும் அதே இடைவெளி. கீழே அடுப்படியில் நின்று அக்கா இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாகக் கேட்டிருக்கிறார்.

அன்று எனக்கென்று நான் எடுத்து வந்தது என் பக்கத்து மணியை மட்டும்தான். அண்ணனுடையதை அக்கா யாருக்கும் தரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இப்போது கம்பி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், அடுத்த வண்டியை அனுப்பலாமா என்று ஒரு தடவை அடித்துக் கேட்கிறேன். பதில் மணி வராமல் வண்டியை அனுப்பக் கூடாது. இதுவரை அனுப்பவில்லை.