சிரிக்கோணும், அழுகோணும், ஆனா யாரும் சாகக் கூடாது

புத்தகம் வாடகைக்கு விடுவது லேசான தொழில், "நல்லதா ஒண்ணு நீங்களே பாத்துக் குடுங்க" என்று யாராவது வாயைத் திறக்கும் வரை. இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துப் பொய்யாக இருந்தாலும், என் கடைப் புத்தகங்கள் அத்தனையும் சாயப்பட்டறைத் தொட்டிக்குள் விழுந்து பச்சையும் சிவப்புமாகப் போகட்டும். குலதெய்வத்தின் மேல் ஆணை! யாருக்காவது ஒரு கதையைச் சிபாரிசு செய்துவிட்டு, பிறகு அவரைத் தெருவில் கண்டதும் சந்துக்குள் ஒளிந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நமக்கெல்லாம் ஒரே வியாதி. பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நிபந்தனைகள்

திருப்பூரில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயசாளிகள். கொலை வேண்டாம், பேய் வேண்டாம், குடும்பக் கதைதான் வேண்டும். அதிலும் அவர்கள் வயதுக்காரர் ஒருவர் விழுந்து மறுபடி எழுந்திருக்க வேண்டும். அதற்கென்றே மஞ்சள் அட்டை போட்ட ஒரு நாவலை வைத்திருந்தேன். அதில் ஒரு கிழவர், அவர் பெண்டாட்டி ஒரு கிழவி. அவரை மகனும் இவரை மகளும் ஆளுக்கொரு ஊரில் வைத்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பந்தியில் மட்டும் பார்த்துக்கொள்ளும் இருவரும் கடைசியில் ஓடிப்போய் இட்லிக் கடை போடுகிறார்கள். இதைப் படித்துச் சிரித்ததில் ஒருத்தருடைய பல்செட் டவுன் பஸ் ஜன்னல் வழியாகப் பறந்து, பின்னால் வந்த கம்பெனி வேனுக்குள் விழுந்து, அவருக்கு முன்னால் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. நம்பாதவர்கள் அந்தப் பல்லைக் கேட்டுக்கொள்ளலாம்.

பாப்பாத்தியம்மா அனுப்பர்பாளையத்தில் மகள் வீட்டில் இருப்பவர். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி வருவார். முதல்நாள் பாதி அலமாரியை இறக்கிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். தூசியில் தும்மித் தும்மி எனக்கு மூக்கே கழன்றுவிடும் போல ஆனது. "உங்களுக்கு என்னதானுங்கம்மா வேணும்?" என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சிரிக்கோணுமுங்கண்ணா, அழுகோணும், ஆனா யாரும் சாகக் கூடாதுங்க. சாவுதான் எல்லார் ஊட்டுலயும் இருக்குதுங்களே!"

மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினேன்.

சிவப்பு அம்பு

பனியன் கம்பெனியில் செக்கிங் என்று ஒரு பிரிவு உண்டு. தைத்து வந்த துணியைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். சரி செய்தபின் ஸ்டிக்கரை எடுத்துவிடுவார்கள். பாப்பாத்தியம்மா தங்கள் சொந்தக் கம்பெனியில் காலமெல்லாம் அந்த வேலையைப் பார்த்தவர் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்கள்? நாவல் திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் அம்பு!

"எனக்கென்ன, பிள்ளைகள் சௌகரியம்தான் முக்கியம்" என்று கிழவர் பேசும் இடத்தில் ஒன்று. கிழவி வாயைத் திறக்காமல் அடுப்படியில் கண்ணைத் துடைக்கும் இடத்தில் இரண்டு. பிய்த்தால் காகிதமும் சேர்ந்து வரும் என்று பயந்து நான் தொடவில்லை. "ஏனுங்கம்மா, இது புஸ்தகமா, டி-சர்ட்டா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டதற்கு அவர் சொன்ன பதில்: "டேமேஜைப் பாத்தா ஒட்டித்தானுங்க ஆகோணும். ஒட்டாம உட்டா அப்படியே வாங்கற பையர் கைக்குப் போயிருமுங்க."

கைவேலை

சின்னச்சாமி என்று இன்னொரு வாடிக்கையாளர். சின்னப் பனியன் கம்பெனியை நடத்தி, மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, இப்போது கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். வருகிற வண்டி, போகிற வண்டி எல்லாம் அவர் பார்வையில்தான். வண்டி வராத நேரத்தில் படிப்பு. எந்த நாவலைக் கொடுத்தாலும், "இதுல வர்ற கெழவனுக்குப் புத்தியே இல்லீங்க" என்று திருப்பிக் கொடுப்பார். அந்தக் கிழவர்களுக்கெல்லாம் நான்தான் அப்பன் போல என்னிடம் கோபம் வேறு.

அவரிடம் மஞ்சள் அட்டையைத் தள்ளிவிட்டேன். நின்றபடியே புரட்டியவர் ஓர் அம்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். விரலால் தடவினார். பிய்ப்பதற்கு வாகாக ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஒரு மூலை மடித்துவிடப்பட்டிருந்தது. "இது எங்கூட்டுக்காரி கைங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேரும் என் கடைக்கே வருகிறார்கள், புருஷன் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? பேரப்பிள்ளைகளைப் பார்க்க அம்மா மகளுக்கு, கேட்டைப் பார்க்க அப்பா மகனுக்கு என்று பங்கு பிரிந்திருக்கிறது. இருவரும் பார்த்துக்கொள்வதே விசேஷ வீட்டில்தான். "ஏதாவது சண்டைங்களா?" என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடி வைத்தார். "யாரும் சண்டை போடலீங்க. யாரும் எங்களைக் கேக்கவும் இல்லீங்க."

பாஸா, ரிஜெக்டா?

அதற்குப் பிறகு என் கடை தபாலாபீஸ் ஆனது. நாவலை அவர் எடுப்பார், பிறகு இந்தம்மா எடுப்பார், மறுபடி அவர். மற்றவர்கள் கேட்டால் நான் என்ன சொல்ல? அட்டை பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று புளுகிப் புளுகி நாக்குத் தேய்ந்தது. "போன் இல்லீங்களா உங்களுக்கு?" என்று சின்னச்சாமியிடம் சீறினேன். "இருக்குதுங்க. போட்டா பேரன் ஹோம்வொர்க்கு, கரண்ட் பில்லு, இதுதானுங்க வாயில வருது" என்றார்.

ஒருநாள் அவரே ஓர் அம்பு ஒட்டிக்கொண்டு வந்தார். கதையில் கிழவர், "என்கூட வந்துர்றயா?" என்று கேட்கும் வரிக்கு நேராக. புத்தகம் அனுப்பர்பாளையம் போனது, திரும்பி வந்தது. அம்பைக் காணோம். மனுஷன் வெளுத்துப் போனார். "பாஸுங்களா, ரிஜெக்டுங்களா? கோவத்துல பிச்சுப் போட்டுட்டாளோ?" அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்காதது எனக்குத்தான். கதையில் யாரும் சாகாமல் பார்த்துக்கொடுத்தேன், இங்கே ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் போலிருக்கிறதே!

அடுத்த வாரம் அம்மா படியேறியதும் நேராகவே கேட்டுவிட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவரு இங்க வர்றது தெரிஞ்சுதானுங்கண்ணா நானும் பஸ் ஏறி வர்றேன். ஸ்டிக்கரை எடுத்தா பாஸுன்னு கம்பெனி நடத்துனவருக்குத் தெரியாதுங்களா?"

வாரிசுகள் வருகை

முதலிபாளையத்தில் ஒற்றை அறை வீடு பார்த்து, இரண்டு பேரும் பைகளோடு போய்விட்டார்கள். அடுத்த நாள் காலை மகன் காரில் வந்து இறங்கினார். மகள் பின்னாலேயே ஸ்கூட்டரில். "எங்கப்பனுக்கு என்ன புக்குங்க குடுத்தீங்க?" என்று மகன் மேஜையைத் தட்ட, "ஊருல நாலு பேரு என்ன பேசுவாங்க? எங்கம்மா இல்லாம புள்ளைகளை எப்படிக் கிளப்பறது?" என்று மகள் அழ, நான் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.

"கட்டின பெண்டாட்டியோடதானுங்க போயிருக்காரு, அதுல ஊருக்கு என்ன வந்தது?" என்றேன். மகளுக்கு அழுகை நின்றது. "எப்படி இருக்காங்களாமுங்க?" என்று மெதுவாகக் கேட்டார். மகன் விடவில்லை. "கேட்ல யாருங்க உக்காருவாங்க?" "ஒரு வாட்ச்மேன் போட்டுக்குங்க தம்பி." அவர் என்னை ஏதோ சொல்லக் கூடாததைச் சொன்னவனைப் போலப் பார்த்தார். "வாட்ச்மேனுக்குச் சம்பளம் குடுக்கோணுமுங்களே!"

கடைசி சிபாரிசு

கடையில் இருவரையும் காணாததால், இன்னொரு நல்ல நாவலைத் தேடி எடுத்துக்கொண்டு நானே முதலிபாளையத்துக்குப் போனேன். வாசலுக்கு வெளியே கேட்டது சத்தம். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பதில் ஆரம்பித்து, அவர்கள் கல்யாணத்துக்கு யார் வீட்டார் லேட்டாக வந்தார்கள் என்பது வரை போய்விட்டது. "நீங்க பேசாதீங்க!" "நீ மட்டும் பேசலாமாக்கும்?" என்னைக் கண்டதும் இருவரும் எழுந்து, காப்பி கொடுத்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

நடுவில் ஒரு சந்து கிடைத்தபோது புத்தகத்தை நீட்டினேன். பாப்பாத்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாமுங்கண்ணா, எடுத்துட்டுப் போங்க. இத்தனை வருசப் பேச்சு பாக்கி கெடக்குதுங்க, புக்குப் படிக்க எங்கீங்க நேரம்?"

சிபாரிசு தப்பினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார், பலித்தால் வருவதையே நிறுத்திவிடுகிறார் என்பதே இத்தனை காலத்தில் நான் கண்டது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் அந்த மகனுடைய மாமனாரும் மாமியாரும் இப்போது தனித்தனியாக என் கடைக்கு வர ஆரம்பித்திருப்பதால், சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.