மலையும் தண்ணியும் சேர்ந்து தெரியற இடம்

…அதைத்தான் சொல்றேன். அந்தக் கோடியாத்து மாட்டுப்பொண் ஆத்துக்காரனோட சினிமாவுக்குப் போனதுக்காக மாமியார் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கலை, கேட்டியோ. தன்னையும் கூப்பிடலையேன்னுதான். வாயைத் திறந்து சொல்லுவாளா? முழங்கால் வலின்னு படுத்துண்டிருக்கா. நான் போய் எண்ணெய் தடவி விட்டேன். காலுக்கு ஒண்ணுமில்லை, நன்னாத்தான் இருக்கு.

உக்காரு, போலாம். காப்பி குடிச்சாச்சா? செரி. நீ என்னவோ சொன்னியே, ஞாயித்துக்கிழமை எல்லாருமா நெய்யாறு டேமுக்குப் போறேள்னு. போயிட்டு வாங்கோ. நல்ல இடம். நானும் போயிருக்கேன், ஒரே ஒரு தடவை. இவரோட அக்காவைக் கூட்டிண்டு.

நீ அக்காவைப் பார்த்ததில்லை. நீ இந்தத் தெருவுக்கு வரதுக்கு முன்னாடியே போயிட்டா. சின்ன வயசுலயே தாலி போய் தம்பி ஆத்தோட வந்தவ. நான் கல்யாணம் ஆகி வந்தப்போ அடுக்களை அவ கையிலதான் இருந்தது. நார்மடிப் புடவையும் அவளுமா, காலம்பற நாலு மணிக்குத் தொடங்கினா ராத்திரி பால் உறை குத்தற வரைக்கும் நிக்க மாட்டா. வலியசாலைக் கோவில், கரமனை ஆத்தங்கரை, அவ்வளவுதான் அவளுக்கு லோகம். அவ வைக்கற மொளகூட்டல் மாதிரி இன்னி வரைக்கும் நேக்கு வரலை. தேங்காயை அரைக்கறதுல என்னமோ பண்ணுவா, கேட்டா சொல்லவும் மாட்டா.

இவர் சாலைக் கடைத்தெருவுல ஒரு மளிகைக் கடையில வேலையா இருந்தாரோல்லியோ, வருஷா வருஷம் கடையில காலண்டர் தருவா. அந்த வருஷம் சாமி படமெல்லாம் தீந்து போச்சுன்னு வேற ஒண்ணைக் கொடுத்துட்டா. ஏதோ வெள்ளைக்காரா ஊர். நடுவுல ஏரி. சுத்தி மலை, மலை உச்சியில அரிசி மாவைக் கொட்டினாப்பல பனி. கரையில மரத்தாலேயே கட்டின வீடு, ஜன்னல் எல்லாத்துலயும் பூந்தொட்டி. ஒரு மாதா கோவில் கோபுரம் ஊசி மாதிரி. அந்த மலை முழுக்கத் தண்ணிக்குள்ளே தலைகீழா நிக்கறது.

சாமி இல்லாத காலண்டரை வாசல் பக்கம் மாட்டப்படாதுன்னுட்டார் இவர். அதனால அது அடுக்களைக்கு வந்தது, அம்மிக்கு நேர் மேலே. தேதியெல்லாம் கிழிச்சு முடிஞ்சு வருஷம் போயும் படம் மட்டும் அங்கேயே இருந்தது. அக்கா அரைச்சுண்டே அதைப் பார்ப்பா.

"ஏண்டி, இந்த ஊர்ல வடாம் எங்கே காயப்போடுவா?"

"அவா வடாம் சாப்பிட மாட்டா அக்கா."

"பாவம். ஆனா பாரு, ஒரு காக்கா கிடையாது. எவ்வளவு சுத்தம்."

ஒரு நாள் இவர்கிட்டயே கேட்டுட்டா, இந்த ஊருக்கு எந்த பஸ்ல போகணும்டான்னு. இவர் சிரிச்சுட்டு, "பிளேன்ல போகணும் அக்கா, இல்லேன்னா கப்பல்ல. நோக்கு மடிக்கு ஆகாது. இதே மாதிரி பார்க்கணும்னா நெய்யாறு டேம் போறும். ஏரி இருக்கு, பின்னால அகஸ்தியர் மலை இருக்கு. பனிதான் இல்லை. காலம்பற போனா விளக்கு வைக்கறதுக்குள்ளே ஆத்துக்கு வந்துடலாம்"னார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதாக்கும். அவ அதைக் கெட்டியாப் பிடிச்சுண்டுட்டா.

அப்போதான் அவ கண் கோளாறு தெரிய வந்தது. நடக்கறச்சே நிலைப்படியில இடிச்சுப்பா. பக்கத்துல வச்ச பாத்திரத்தைத் தட்டி விட்டுடுவா. வயசாச்சுன்னு நெனச்சோம். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போனா, டாக்டர் வெளிச்சம் அடிச்சுப் பார்த்துட்டு, கண்ணுக்குள்ளே அழுத்தம்னார். ஓரத்துலேர்ந்து மறைஞ்சுண்டே வருமாம். நடுவுல மட்டும் குழல் வழியாப் பார்க்கற மாதிரி கொஞ்ச நாள் தெரியும், அப்புறம் அதுவும் போயிடும். சொட்டு மருந்து விடாம விட்டுண்டு வந்தா போற வேகம் குறையும், போனது திரும்பாதுன்னார்.

ஆத்துக்கு வந்து அக்கா கால் அலம்பிண்டு அடுக்களைக்குப் போனா. உலை வச்சா. அப்புறம் வெளியில வந்து இவர்கிட்ட சொன்னா, "நேக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டா. மலை தண்ணிக்குள்ளே நிக்கறதை ஒரு தடவை பார்த்துட்டாப் போறும்."

அவ தம்பிகிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டு நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை.

உடனே போயிருக்கணும், இல்லையா? நீயும் அதான் நெனப்பே. ஆனா நாள் பார்க்காம அக்கா வாசப்படி தாண்ட மாட்டா. நாங்க சொன்னாலும் கேக்க மாட்டா. முதல்ல ஒரு நாள் பார்த்து, நான் புளிக்காய்ச்சல் கூடப் பண்ணி வச்சுட்டேன், அம்பாசமுத்திரத்துலேர்ந்து தந்தி, ஒரு தாயாதி போயிட்டார்னு. தீட்டு. அவர் யாருன்னு இவருக்கே சரியாத் தெரியாது. அடுத்த தடவை நான் தூரமாயிட்டேன். அப்புறம் கர்க்கடகம், அதான் ஆடி, வந்துடுத்து. அந்த மழையில யார் எங்கே போறது.

ஆவணி பொறந்து மறுபடியும் பஞ்சாங்கத்தை எடுக்கச் சொன்னா. இவருக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கடை லீவு. பார்த்தா அந்த ஞாயிறு அக்காவுக்குச் சந்திராஷ்டமம். புதன்கிழமை நன்னா இருக்கு, ஆனா இவருக்கு லீவு இல்லை. "அப்போ புதன்கிழமை பரஸ்தானம் வச்சுடறேன்"னா.

உன் மாமியார் ஆத்துலயும் பண்ணுவாளே, உன் பிறந்தாத்துல பழக்கம் உண்டோ என்னவோ. நாம போற நாள் நன்னா இல்லேன்னா, அதுக்கு முன்னாடி வர்ற நல்ல நாள்ல, நல்ல வேளையில, கொண்டு போற மூட்டையை மட்டும் வேற ஆத்துல கொண்டு போய் வச்சுடறது. மூட்டை கிளம்பினா நாம கிளம்பின கணக்கு. அப்புறம் என்னிக்குப் போனாலும் தோஷமில்லை. ஒண்ணுதான், வச்சதைப் போறச்சேதான் எடுக்கணும். நடுவுல எடுத்தா பிரயாணம் முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

புதன்கிழமை காலம்பற குளிச்சுட்டு, ஒரு மாத்துப் புடவை, கொஞ்சம் அவல், செம்பு எல்லாத்தையும் கட்டி எதிராத்து மாமிகிட்ட கொண்டு போய் வச்சா. மாமி சும்மா இருப்பாளா. "காசிக்கா போறேள்? காட்டாக்கடை தாண்டினா டேம். அதுக்குப் போய் பரஸ்தானமா"ன்னு கேட்டா. "நேக்கு இதுதான் காசி"ன்னு சொல்லிட்டு வந்துட்டா அக்கா. அன்னிக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே, கல்யாணப் பொண்ணு மாதிரி. தாளிக்கறச்சே ஏதோ முணுமுணுன்னு பாடினா கூட.

ஞாயித்துக்கிழமை பஸ் சமரம், டிரைவர் கண்டக்டர் எல்லாரும் ஸ்டிரைக். ஒரு பஸ் ஓடலை. அடுத்த ஞாயித்துக்கிழமையும் சமரம் தீரலை. நம்ம ஊரைப் பத்தி நோக்குத் தெரியாதா. இவர் கடையிலேர்ந்து வரச்சே எல்லாம் அக்கா வாசல்ல நின்னு, "பஸ் ஓடறதாடா"ன்னு கேப்பா. மூட்டை எதிராத்துலயே இருந்தது.

ஒரு வழியா சமரம் தீந்து, ஞாயித்துக்கிழமை போறதுன்னு ஆச்சு. முந்தின நாள் சாயங்காலம் நான் ரசத்துக்கு டம்ளரை நீட்டறேன், அவ டம்ளருக்கு வெளியில ஊத்தறா. என் கையில கொட்டித்து. நான் கத்தலை. அவதான் பயந்து போயிட்டா.

"என்ன அக்கா, மருந்து விட்டுண்டேளோல்லியோ?"

அவ தலைப்பால என் கையைத் துடைச்சா. மறுபடியும் கேட்டேன்.

"அது மூட்டையில இருக்குடி."

"எந்த மூட்டையில?"

"போற இடத்துல வேண்டாமா, அதான் கட்டிட்டேன். கட்டினப்புறம் எப்படி அவுக்கறது? இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள்னு நெனச்சேன். சமரம் இப்படி இழுக்கும்னு யார் கண்டா."

இத்தனை நாளும் அவ கண்ணுக்கு ஒரு சொட்டு விடலை. புதுசா ஒண்ணு வாங்கிண்டு வாடான்னு தம்பிகிட்ட கேக்கலை. கேட்டா அவிழ்த்து எடுன்னுடுவார்னு பயம். இவர் தலையில அடிச்சுண்டார். எதிராத்துக்கு எழுந்து போனவரை அவ கையைப் பிடிச்சு நிறுத்தினா. "நாளைக்குத்தானேடா. நாளைக்குப் போறச்சே எடுத்துண்டா ஆச்சு. இப்போ முறிச்சுடாதே." எங்களைப் பார்த்துதான் சொன்னா, ஆனா பார்வை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கேயோ இருந்தது.

மறுநாள் போனோம். காலம்பற முதல் வேலையா மூட்டையை எடுத்து, பஸ்ல உக்காந்துண்டு நான்தான் மருந்தை விட்டேன். ரப்பர் மரமும் மரச்சீனிக்கிழங்குத் தோட்டமுமா வழியெல்லாம் பச்சை. அக்கா ஜன்னல் பக்கம் உக்காந்து வெளியில பார்த்துண்டே வந்தா. என்ன தெரிஞ்சுதுன்னு நான் கேக்கலை.

டேம் மேல நின்னோம். நான் பொய் சொல்லலை, அப்படியே அந்தப் படம்தான். காத்து இல்லை, தண்ணி கண்ணாடி மாதிரி. அந்தப் பக்கம் மலை அடுக்கடுக்கா, அத்தனையும் தண்ணிக்குள்ளே தலைகீழா. நேக்கு மேலெல்லாம் சிலிர்த்துடுத்து. சின்னப் பொண்ணு மாதிரி, "அக்கா, பாருங்கோ, பாருங்கோ"ங்கறேன்.

அக்கா கம்பியைப் பிடிச்சுண்டு தலையை நிமிர்த்தினா. அப்புறம் குனிஞ்சா. மறுபடியும் நிமிர்த்தினா. மெதுவா மேலேர்ந்து கீழே, கீழேர்ந்து மேலே, சுவத்துக்கு வெள்ளையடிக்கறாப்பல. எவ்வளவு நேரம் அப்படிப் பண்ணினாளோ. பக்கத்துல நின்ன ஒருத்தர் இவ என்ன பண்றான்னு திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"மலை தெரியறது"ன்னா. "தண்ணியும் தெரியறது. ரெண்டும் சேர்ந்து தெரியலையேடி."

இவர் சட்டுனு முகத்தைத் திருப்பிண்டுட்டார். நான் அவ தலையைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படின்னு திருப்பி விட்டேன். பின்னால தள்ளி நிக்க வச்சேன். உக்கார வச்சேன். எப்படி வச்சாலும் மலை வந்தா தண்ணி போயிடறது, தண்ணி வந்தா மலை போயிடறது. கடைசியில அவளே, "போறும், நோக்குக் கை வலிக்கும்"னு சொல்லிட்டா. புளியஞ்சாதம் நாங்க சாப்பிட்டோம், அவ அவலை நனைச்சுத் தின்னா. நாலு மணி பஸ்ல திரும்பிட்டோம்.

மருந்து விட்டிருந்தா தெரிஞ்சிருக்குமோ, அதுக்கு முன்னாடியே போயிருந்ததோ, டாக்டரைக் கேட்டதுக்கு அவரும் தீர்மானமாச் சொல்லலை. மாசி வரதுக்குள்ளே நடுவுல இருந்த வெளிச்சமும் போயிடுத்து. அதுக்கப்புறமும் அடுக்களையை விடலை. தடவித் தடவியே அரைப்பா, கை பட்டே உப்புப் போடுவா, ஒரு நாள் கூடியதில்லை.

டேமுக்குப் போயிட்டு வந்த மறுநாளே எதிராத்து மாமி வந்து கேட்டா, டேம் எப்படி இருந்ததுன்னு. "ஜோரா இருந்தது, எல்லாம் பார்த்தேன்"னுட்டா அக்கா. மாமியும் சந்தோஷமாப் போனா. நான் கறிகாய் நறுக்கிண்டிருந்தேன். மாமி போனப்புறம் அக்கா தேங்காயை அம்மியில எடுத்து வச்சா. அப்புறம் கேட்டா.

"நீ பார்த்தியோல்லியோ?"

"பார்த்தேன் அக்கா."

"ரெண்டும் சேர்ந்தா?"

"சேர்ந்துதான்."

"அப்போ செரி"ன்னுட்டு அரைக்க ஆரம்பிச்சா. நேக்கு அந்த அருவாமணையில கை ஓடலை, கேட்டியோ. அவ எதுக்கு அப்போ செரின்னு சொன்னான்னு நான் இன்னிக்கும்…

இரு, குழாய்ல காத்து வர்ற சத்தம் கேக்கறது. தண்ணி வந்துடுத்து. நீயும் போய்க் குடத்தை வை, போன தடவை மாதிரி பாதியில நின்னுடப் போறது. நான் அண்டாவை அலம்பணும்.