நீந்தத் தெரியாதெண்டு எழுதிப்போட்டாங்கள்

என்ரை மனுசன் வலன்ரைனைப் பற்றி ஆராவது நல்லாய்ச் சொல்லத் தொடங்கினால் அந்தாள் எழும்பிக் குசினிக்குள்ளை போயிடும். தேத்தண்ணி போடப்போறன் எண்டு சொல்லிப்போட்டு, சொல்லுறவை வீட்டுக்குப் போகுமட்டும் வெளியாலை வராது. அதாலை நான்தான் சொல்லவேணும். நான் சறோஜா, அவற்றை பெண்சாதி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோவமும் கெதியா வரும். அதுக்காக நான் ஒருத்தரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறேல்லை.

நாங்கள் இத்தாலியிலை, பலேர்மோவிலை, போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்திலை இருக்கிறம். அவர் படி கழுவிறவர். பெரிய வீதியிலை இருக்கிற ஒரு ஆறு மாடிக் கட்டிடத்தின்ரை படியளை இருபத்தாறு வருசமாய் அவர்தான் கழுவிறார். காலமை ஆறு மணிக்கு வாளியோடை ஏறுவார். மேல் மாடியிலை தொடங்கி, பின்பக்கமாய் ஒவ்வொரு படியாய் இறங்கி, மூலையளைத் துணி சுத்தின விரலாலை துடைப்பார். அந்த வீட்டுச் சிஞ்ஞோராமார், பெரிய இடத்துப் பொம்பிளையள், குதிக்கால் செருப்போடை பயமில்லாமல் இறங்கிறதெண்டால் அது அவற்றை புண்ணியம். பின்னேரத்திலை அதே கட்டிடத்திலை ஒரு வயசுபோன வக்கீலை நடக்கக் கூட்டிக்கொண்டு போவார்.

அதுக்கு முதல் ஆள் மன்னாரிலை, பேசாலையிலை கடற்தொழில். பதினாலு வயசிலை வள்ளத்திலை ஏறி, இருபத்திரண்டிலை பிளேன் ஏறினது. இது எங்கடை ரெண்டு பிள்ளையளுக்கும் தெரியும்தான். ஆனால் பள்ளிக்கூடத்திலை படிச்ச சரித்திரம் மாதிரித் தெரியும், அவ்வளவுதான். அப்பா கடலிலை நிண்டதை அவை ஒருநாளும் கண்டதில்லை. ஒவ்வொரு கோடைக்கும் மொந்தெல்லோக் கடற்கரைக்கு எங்கடை சனம் எல்லாம் போவம். பிள்ளையள் தண்ணிக்குள்ளை கும்மாளம். இவர் காற்சட்டையை முழங்காலுக்கு மடிச்சுப்போட்டு, குடைக்குக் கீழை இருந்து வத்தகப்பழம் வெட்டுவார். "இறங்குங்கோவன் அப்பா" எண்டு கேட்டால், "கடலுக்குள்ளை நாங்கள் தொழிலுக்கு இறங்கிறது மோனை, விளையாட இறங்கிறேல்லை" எண்டுவார். நானும் அந்த ஊர்தான், பேசாலைக்காரருக்கு அது விளங்கும். பலேர்மோவிலை பிறந்ததுகளுக்கு எப்பிடி விளங்கும்? அப்பாவுக்குத் தண்ணிப் பயம் எண்டு நினைச்சிட்டுதுகள்.

இந்த வருசம் எங்களுக்குக் கலியாணம் முடிச்சு இருபத்தைஞ்சு. மகள் சுஜானி ஒரு பயண முகவர் கந்தோரிலை வேலை. அங்கை வேலை செய்யிறவையின்ரை குடும்பத்துக்குக் கப்பலிலை இடம் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குமாம். தை மாசம் எங்களை இழுத்துக்கொண்டு கரீபியன் கடலுக்குப் போயிட்டாள். கப்பலெண்டால் கப்பல்! போர்கோ வெக்கியோவைத் தூக்கி உள்ளை வைச்சாலும் இடம் மிஞ்சும்.

கப்பலிலை ஏறின நேரம் தொட்டு இந்த மனுசனைப் பிள்ளையள் ரெண்டும் குருடனைக் கூட்டிக்கொண்டு போறமாதிரிக் கூட்டிக்கொண்டு திரிஞ்சுதுகள். "அப்பா, இஞ்சாலை." "அப்பா, அதைத் தொடாதேங்கோ." "அப்பா, நீங்கள் கதையாதேங்கோ, நான் கேட்டுச் சொல்லுறன்." அதுகள் அன்பிலைதான் சொல்லுதுகள், எனக்குத் தெரியும். எண்டாலும் எனக்கு விசர் வந்திட்டுது.

ரெண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டிலைதான் உண்மையான அடி விழுந்தது. எங்கடை மேசையிலை பெர்கமோவிலையிருந்து வந்த இத்தாலியன் புருசனும் பெண்சாதியும் இருந்தவை. அந்தச் சிஞ்ஞோரா ஓர்னெல்லா நல்ல மனுசி, ஆனால் கேள்விதான் கூடக் கேக்கும். எங்கடை மகன் ஜெனோஜனை, இருபது வயசு, யூனிவெர்சிற்றியிலை படிக்கிறான், அவனைப் பாத்து, "உன்ரை அப்பா என்ன வேலை?" எண்டு கேட்டுது. அவன் கண் வெட்டாமல் இத்தாலியனிலை சொன்னான்: "அப்பா கட்டிடங்களை நிர்வகிக்கிறார்."

நிர்வகிக்கிறாராம்! கண்டறியாத நிர்வாகம்!

இவர் மீனிலை முள்ளு எடுத்துக்கொண்டிருந்தவர். கை ஒருக்கா நிண்டுது. பேந்து பழையபடி முள்ளெடுத்து, சதையை மகன்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை வைச்சார். எனக்கு அவன்ரை கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுக்கவேணும் போலை கை துடிச்சுது. இவர் மேசைக்குக் கீழை என்ரை கையைப் பிடிச்சு, "விடும் சறோ" எண்டார். நான் விட்டனானோ? விடேல்லை. இந்தக் கப்பல் திரும்ப முதல் தன்ரை தேப்பன் ஆரெண்டு இவன் பாக்கத்தான் வேணும் எண்டு மாதாவுக்கு முன்னாலை நேர்ந்தமாதிரி முடிவெடுத்தன்.

அடுத்தநாள் காலமை சுஜானி ஒரு கடதாசியை விரிச்சாள். நாளைக்குக் கப்பல் ஒரு தீவிலை நிக்கும், இறங்கிப் போறதுக்கு மூண்டு பயணம் இருக்கு, ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ எண்டாள். ஒண்டு சாராயத் தொழிற்சாலை. ஒண்டு பஸ்ஸிலை கடைத்தெரு. மூண்டாவதுக்குப் படம் போட்டிருந்துது. பாத்தவுடனை எனக்குத் தெரிஞ்சுது, திருக்கை மீன்! நல்ல அகண்ட, சாம்பல் நிறத் திருக்கை. சுஜானியைப் பெத்து நான் பச்சை உடம்போடை கிடக்கேக்கை, சந்தை முழுக்க அலைஞ்சு ஒரு திருக்கை தேடிப்பிடிச்சு, பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற மருந்துச் சரக்கு அரைச்சுக் கறி காய்ச்சித் தந்த மனுசன் இவர். நான் படத்திலை விரலை ஊண்டினன். "இதுதான்."

"அம்மா, விசரே? படகிலை போய்க் கடலுக்கை இறங்கவேணும். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது" எண்டான் ஜெனோஜன்.

"இருபத்தைஞ்சு வருசம் கலியாணம் முடிச்சது நீயோ நானோ? நான் சொல்லுறதுதான்."

சுஜானிக்குக் கடைத்தெருவிலைதான் கண். ஆனால் நான் கத்தினால் பக்கத்து மேசை திரும்பும் எண்டு அவளுக்குத் தெரியும். "ஓம், ஓம், சரி" எண்டிட்டாள். ஜெனோஜன் படிவத்தை நிரப்பினான். ஒவ்வொருத்தருக்கும் நேரை நீச்சல் தெரியுமோ எண்டு ஒரு கேள்வி. தேப்பன்ரை பேருக்கு நேரை 'தெரியாது' எண்டு எழுதிப்போட்டு, "சரிதானே அப்பா?" எண்டு கேட்டான்.

"நீ எழுதினது எழுதினபடி இருக்கட்டும் மோனை" எண்டார் இவர். நான் வாயைத் திறக்க, என்ரை காலை மிதிச்சார்.

இப்ப நான் ஒரு உண்மையைச் சொல்லவேணும், சிரிக்கக்கூடாது. திருக்கைப் பயணம் எண்டால் திருக்கை பிடிக்கிறது எண்டுதான் நான் நினைச்சன். பிடிச்சுக் காட்டினால் மகன் வாயைப் பிளப்பான். பேந்து அதைச் சமைப்பினம். வேறை என்னத்துக்குச் சனம் காசு குடுத்துத் திருக்கையிட்டைப் போகும்? கப்பல் சமையலிலை உறைப்பில்லை எண்டு வீட்டிலையிருந்து ஒரு போத்தில் கறித்தூள் கொண்டுவந்தனான். அதையும், சாப்பாட்டு மண்டபத்திலை எடுத்த ரெண்டு தேசிக்காயையும் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு படகிலை ஏறினன்.

படகிலை ஓர்னெல்லாவும் புருசனும் எங்களுக்கு முன்னாலை இருக்கினம். படகை ஓட்டினவர் அந்தத் தீவு மனுசன், கறுத்த, உயர்ந்த ஆள், இவற்றை வயசிருக்கும். அவர் கடதாசியைப் பாத்தார், இவருக்கு ஒரு செம்மஞ்சள் மிதவைச் சட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டினார், படகின்ரை பின்பக்கத்திலை இருத்தினார். இறங்கக்கூடாதாம். சின்னப்பிள்ளையைக் கட்டி இருத்தினமாதிரி இருந்துது. என்ரை திட்டம் முழுக்கப் பாழ்.

"சரி பிள்ளை, எப்ப பிடிக்கப் போகினம்? எங்கை வைச்சுச் சமைக்கிறது?" எண்டு சுஜானியைக் கேட்டு, போத்திலை வெளியாலை எடுத்தன்.

அவள் என்னைப் பாத்த பார்வை இருக்கே! "அம்மா! தடவிறதுக்குத்தான் போறம்! முத்தம் குடுத்துப் படம் எடுக்கிறதுக்கு!"

"திருக்கைக்கு முத்தமோ? சீச்சீ!"

அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பிறகு முதல்தரம் இவர் சிரிச்சார். மிதவைச் சட்டை குலுங்கச் சிரிச்சார். "சறோ, போத்திலை இறுக்கி மூடும். அதுகளுக்குத் தும்மல் வரப்போகுது" எண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டன்.

கரையிலையிருந்து நல்ல தூரத்திலை, கடலுக்கு நடுவிலை ஒரு மணல்திட்டு. படகுக்கு ஒருபக்கம் இடுப்பளவு தண்ணி, மற்றப்பக்கம் கருநீல ஆழம். நானும் இவரும் படகிலை இருக்க, மற்ற எல்லாரும் இறங்கிச்சினம். திருக்கையள் பாய் விரிச்சமாதிரி மிதந்து வந்துதுகள். ஓட்டி திருக்கைக்குத் தீனியாய் எல்லாற்றை கையிலையும் ஒவ்வொரு கணவாய் மீன் துண்டு குடுத்தார். ஓர்னெல்லா கீச்சிட்டுக் கத்த, அவர் அந்த மனுசியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். எங்கடை வீரன் ஜெனோஜன் ஒரு கையிலை போன், மற்றக் கையிலை கணவாய், ஆக்களை விட்டு விலகித் திட்டின்ரை அந்தலைக்கு, ஓரத்துக்குப் போயிட்டான்.

மணம் பிடிச்சு நாலைஞ்சு திருக்கை அவனைச் சுத்திச்சுது. ஒண்டு வயித்திலை உரச, அவன் வீரிட்டுக் கத்தினான். கத்திக்கொண்டு துள்ளினான். துள்ளித் துள்ளிப் பின்னாலை போறான்.

இவர் எழும்பினார். "உவன் காலைத் தூக்கிறான்" எண்டார். அவ்வளவுதான். மிதவைச் சட்டையைக் கொளுக்கி கழட்டிப் போட்டிட்டு, குனிஞ்சு கடல்தண்ணியைத் தொட்டு நெத்தியிலை சிலுவை போட்டார். பேசாலையிலை தொழிலுக்குப் போறவை எல்லாரும் அப்பிடித்தான். நான் சின்னப்பெட்டையாய்க் கரையிலை நிண்டு கண்ட அதே சிலுவை. ஆழமான பக்கத்தாலை ஆள் இறங்கினது ஒருத்தருக்கும் கேக்கேல்லை.

"அப்பா!" எண்டு சுஜானி குழறினாள். "வாயைப் பொத்து. பார்!" எண்டன் நான்.

படகுக்கு அடியாலை போய், மகனுக்குப் பக்கத்திலைதான் இவற்றை தலை வெளியாலை வந்துது. "அசையாதை. உன்ரை குதிக்காலுக்குப் பின்னாலை மண்ணுக்குள்ளை ஒண்டு படுத்திருக்கு. கையிலை இருக்கிறதை விடு." அவன் கணவாயை விட, சுத்தி நிண்டதுகள் அதுக்குப் பின்னாலை போயிட்டுதுகள். இவர் காலைத் தூக்காமல் அரக்கி அரக்கிப் போய், மண்ணுக்குள்ளை கிடந்ததை விரலாலை மெல்லத் தள்ள, அது பெரிய செட்டையை அடிச்சு எழும்பி, வாலை இழுத்துக்கொண்டு போச்சுது. மகன் இன்னும் ஒரு துள்ளுத் துள்ளியிருந்தால் அந்த வாலிலை இருக்கிற நஞ்சு முள்ளுக்கு மேலைதான் மிதிச்சிருப்பான்.

"இனிக் காலைத் தூக்காதை. மண்ணை உரசிக்கொண்டு நட. அரவம் கேட்டால் அதுவே விலகும்." என்ரை இருபது வயசுப் பெடியன் தேப்பன்ரை சேட்டைப் பின்னாலை பிடிச்சுக்கொண்டு, அவர் அரக்கினமாதிரி அரக்கி அரக்கி வந்தான்.

ஓட்டி ஏணியடியிலை வந்து நிண்டு இதெல்லாம் பாத்தவர். இவர் ஏறேக்கை இவற்றை கணுக்காலைக் கண்டிட்டார். அதிலை ஒரு பழைய தழும்பு இருக்கு. பிள்ளையள் அதைச் சண்டைக்காலத்திலை செல் விழுந்த காயம் எண்டு நினைச்சு, கேக்கப் பயந்து கேக்காமலே வளந்ததுகள். ஓட்டி தன்ரை காலைத் தூக்கி இருக்கையிலை வைச்சுக் காட்டினார். அதே இடம், அதே தழும்பு, அதே திருக்கை முள்ளு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்ச சிரிப்புக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்லை. ஓட்டி அந்தச் செம்மஞ்சள் சட்டையைத் தூக்கி ஒரு மூலைக்குள்ளை எறிஞ்சார்.

"உன்ரை அப்பா என்ன தொழில்?" எண்டு ஜெனோஜனைக் கேட்டார்.

"மீன் பிடிக்கிறவர்!" எண்டு படகுக்கே கேக்கச் சொன்னான் அவன். பல்லு நடுங்குது, ஆனால் முகம் முழுக்கச் சந்தோசப் புழுகம். எல்லாரும் கைதட்டிச்சினம். எனக்கும் புழுகம்தான், பொய் சொல்லக்கூடாது. நான் கேட்டது கிடைச்சிட்டுது எண்டு நினைச்சன்.

"ஆனால் கட்டிடங்களை நிர்வகிக்கிறார் எண்டல்லோ சொன்னனி?" எண்டு ஓர்னெல்லா கேட்டுது.

அவன் தலையைக் குனிஞ்சான். இவர் துவாயாலை அவன்ரை தலையைத் துடைச்சுக்கொண்டே தமிழிலை சொன்னார்: "மோனை, மீன் பிடிச்சது எட்டு வருசம். அது முந்தி. இருபத்தாறு வருசமாய்ச் செய்யிறதைச் சொல்லு. அதையும் நான் திறமாய்த்தான் செய்யிறன்."

கோவமில்லை, குரல் உயரேல்லை. நான் காட்ட நினைச்ச மனுசனைவிட என்ரை மனுசன் பெரியவர் எண்டு அப்பத்தான் எனக்கே விளங்கினது.

ஜெனோஜன் துவாயை விலத்திப்போட்டு எழும்பி நிண்டான். இத்தாலியனிலை, ஓர்னெல்லாவின்ரை முகத்தைப் பாத்துச் சொன்னான். "நான் பொய் சொன்னனான். என்ரை அப்பா படி கழுவிறவர். ஆறு மாடி. மேலையிருந்து தொடங்கி இறங்குவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளிலை என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நான் காய்ஞ்ச படியிலை புத்தகத்தோடை இருப்பன். அவர் கழுவக் கழுவ நான் ஒரு படி இறங்கி இருப்பன். கீழை வரேக்கை எனக்கு அந்தப் பாடம் வாசிக்கத் தெரியும். நான் வாசிக்கப் பழகினது அந்தப் படியளிலைதான்."

ஓர்னெல்லா எழும்பி வந்து இவற்றை ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு, இப்பிடி ஒரு தகப்பன், இப்பிடி ஒரு தகப்பன் எண்டு சொல்லத் தொடங்கிச்சுது. ஓட்டி முதுகிலை தட்டுறார். சுஜானி ஒருபக்கத்தாலை கட்டிப்பிடிச்சு அழுகிறாள். இவர் அந்தரப்பட்டு அங்காலை பாத்தார், இஞ்சாலை பாத்தார், எழும்பினார்.

படகிலை குசினி இல்லை. அந்தாள் இருந்து முழுக்கக் கேட்டுது.