இரண்டு சீற் தள்ளி: மூதூரிலிருந்து திருகோணமலை நீதிமன்றம் வரை

திருகோணமலை என்றதும் நிலாவெளிக்கும் கோணேசர் கோயிலுக்கும் வழி தேடி வந்தவர்கள் மன்னிக்கவேண்டும். இது நீதிமன்றப் பயணம். பாலியல் வன்முறைக்கு ஆளாகி வழக்குப் பேசுகிற ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் வவுனியாக்காரி, ஒரு பெண்கள் அமைப்பில் வேலை. ஊர் ஊராகப் போய்ச் சட்டமும் உரிமையும் பற்றி வகுப்பெடுப்பேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு ஒருத்தி மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தால், அவளோடு பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போவேன்.

கடந்த ஆவணியில் அப்படிப் போனது மலரோடு. உண்மைப் பெயர் அல்ல. ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். உங்களில் யாராவது துருவிப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். மலருக்கு முப்பது வயதிருக்கும், கட்டைபறிச்சானில் தையல் வேலை. வழக்கு, முன்பு அவள் வேலை செய்த கடையின் முதலாளிமேல். தவணைக்குமேல் தவணை தள்ளிப்போய், அன்றுதான் அவள் சாட்சி சொல்லவேண்டிய நாள். "இண்டைக்கும் ஏலாமப் போனா இனி நான் வரமாட்டன் அக்கா. என்னால தாங்க ஏலாது" என்று விடியவே போன் எடுத்துச் சொன்னாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றாகப் போவோம், ஒன்றாக இருக்கமாட்டோம். அமைப்புக்காரியோடு ஒருத்தியைக் கண்டால் ஊருக்கு மிச்சம் எல்லாம் விளங்கிவிடும். ஆகவே பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்போல இரண்டு சீற் தள்ளித்தான் இருப்போம். நான் முதல்நாளே மூதூரில் தங்கிவிட்டேன். பஸ் நிலையத்துக்கு ஓட்டோ இருநூறு ரூபா. ஓட்டோக்காரர் எங்கே, என்ன அலுவல் என்று குடைந்துகொண்டே வந்தார். கண் கிளினிக் என்றேன். "ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு மகள்" என்றார். இவர் யாருடைய ஆளோ என்று நம்பரை மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஆறேகால் பஸ். திருகோணமலைக்கு நூற்றெண்பது ரூபா, ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். மலர் முன்னால் யன்னலோரம், நான் இரண்டு சீற் பின்னால். மற்றப் பக்கத்தில் கட்டம் போட்ட சாரம் கட்டிய ஒருவர், முன்பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு விடிந்தபிறகும் பேய்தான். போகும் வழியெல்லாம் அந்த மனிதரையும் மலரையும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மலருக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. குளிர்ந்த முகம், மடியில் ஒரு பை நிறைய வாய்ப்பன், வாழைப்பழமும் மாவும் குழைத்துப் பொரிக்கிற பலகாரம். மலருக்கு ஒன்று நீட்டினார், மலர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். உடனே பின்னால் திரும்பி, "தங்கச்சி, நீங்களாவது எடுங்கோவன். விடிய வெள்ளணக் கிளம்பினனீங்கள், வயிறு காஞ்சிருக்கும்" என்றார். நல்ல வாழைப்பழ வாசம், இன்னும் சூடு. எனக்கோ அகோரப் பசி. இரண்டு சாப்பிட்டேன்.

சாரக்காரர் கிண்ணியாவில் இறங்கினார். இறங்கும்போது என் பக்கம் குனிந்து, "பாத்துப் போங்க மகள்" என்றார். மிரட்டல் என்றே எடுத்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்கு நடந்தே போகலாம், கால் மணித்தியாலம். அங்கே வேலியோரம் படுத்திருந்த, நகருக்குள் தாராளமாகத் திரியும் மான்களைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனால், வாய்ப்பன் அம்மா எங்களுக்கு முன்னால் நிற்கிறார்! வாசலில் நின்ற பெண் பொலிசிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "இது கதைச்சு முடிஞ்ச விஷயம் மிஸ். என்ர தம்பியிலதான் வழக்கு. ஒரே பஸ்ஸிலதான் வந்தனாங்கள். கூட வந்த இந்தத் தங்கச்சியும் என்ர கையாலதான் சாப்பிட்டவா, கேட்டுப் பாருங்கோ" என்றார்.

ஐயோ, அந்த இரண்டு வாய்ப்பன்! சட்டத்தில் அதற்கு ஒரு சதப் பெறுமதி இல்லை. ஆனால் எதிராளி கையால் சாப்பிட்டால் கோபம் தீர்ந்தது என்றுதான் எங்கள் சனம் எடுக்கும். பின்னேரத்துக்குள் கதை ஊருக்குப் போகும், சமாதானமாகிவிட்டது என்று மலருடைய வீட்டிலேயே நம்புவார்கள். கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்தே மலர் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "அவன்ர அக்கா. ஒண்டும் வாங்காதேங்கோ." நான் சாரத்துக்குக் காவல் இருந்ததில் அதைப் பார்க்கவில்லை. எட்டி இருந்தும் எட்டி எட்டிப் பார்த்து, மலரோடு வந்தவள் நான்தான் என்று நானே காட்டிக்கொடுத்துமிருக்கிறேன்.

மலர்தான் முன்னால் போனாள்.

"வாய்ப்பன் திண்டது அவா. நடந்தது எனக்கு. நான் இன்னும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கேல்லை" என்றாள். அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே பார்த்தாள். "வழி விடுங்கோ, என்னைக் கூப்பிடப்போறாங்கள்."

பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் விசாரித்தார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குரல் மட்டும் இடைக்கிடை கதவைத் தாண்டி வந்தது. மூன்று மணிக்கு வெளியே வந்தாள். "எல்லாத்தையும் சொன்னனான் அக்கா. ஒண்டையும் விடேல்லை" என்றாள். தீர்ப்பு எப்போது, எப்படி என்று யாருக்கும் தெரியாது.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். கைபேசியைக் கையில் வைத்திருங்கள். எதிராளியின் உறவுகளில் பெண்கள் யார் யார் என்று முதலே கேட்டுவையுங்கள். நான் ஆம்பிளைகளை மட்டும் கேட்டிருந்தேன். சந்தேகப்படுவது பிழையில்லை, குளிர்ந்த முகங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அந்தச் சாரக்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர் பார்த்துக்கொண்டு வந்தது மலரையல்ல, பக்கத்தில் இருந்த அந்த அம்மாவைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல இரண்டு சீற் பின்னால் போனேன். மலர் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இங்க இருங்கோ. ஆர் பாத்தா என்ன?"

பஸ் வெளிக்கிட்டதும் விடியவே சமைத்துக் கட்டிய பொதியை அவிழ்த்தாள். புட்டும் பொரித்த கருவாடும். அந்த வாசத்துக்குப் பஸ் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவள் கவலைப்படவில்லை. ஒரு பிடி குழைத்து என் பக்கம் நீட்டினாள்.

"பயப்பிடாமச் சாப்பிடுங்கோ அக்கா. இது என்ர கை."