செல்வலட்சுமி பாடினால் சாமி வரும்

எங்கள் எதிர்வீட்டுச் செல்வலட்சுமி அக்காவின் குரல் வளர்ந்தது அருப்புக்கோட்டையில், ஒரு விசைத்தறிக் கூடத்தில். எங்கள் ஊர் பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போனவர், தறிச் சத்தத்துக்கு மேல் பாடிப் பாடியே அந்தத் தொண்டையைப் பெற்றார். பக்கத்தில் மைக்செட் கடை வைத்திருந்த சங்கரபாண்டியன் அதைக் கேட்டுத் தன் இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டார்.

சினிமாப் பாட்டுக்கு எல்லாக் குழுவிலும் ஆள் உண்டு. அக்காவைக் கூப்பிட்டது அம்மன் பாட்டுக்காக. முதல் பாட்டில் அவர் குரல் உச்சிக்குப் போய் நிற்கும்போது கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். திருச்சுழி வரைக்கும் பிளெக்ஸில் அவர் படம் இருந்தது: 'சாமிப்பாட்டு செல்வி'.

போன வருஷம் கழுத்தில் தைராய்டு கட்டிக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பேச்சு திரும்பியது, உச்சி திரும்பவில்லை. அதன்பின் பாடிய ஊர்களில் சாமி வரவில்லை. கூப்பிடுவதும் நின்றுபோனது. இந்தப் பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்குச் சொந்த ஊர் கூப்பிட்டது. இங்கும் சாமி வராவிட்டால் மேடை அவ்வளவுதான் என்பது அக்காவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் அம்மன் முதலில் இறங்குவது சந்தனம்மாள் மேல். அவர் ஆடித் திருநீறு கொடுத்த பிறகுதான் அக்கினிச்சட்டி எடுப்பார்கள். பொங்கலன்று மத்தியானம் சந்தனம்மாள் செல்வலட்சுமி அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அக்காவின் மேடைச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, நீ பாட்டுக்குப் பாடு. தொண்டை ஏறினாலும் ஏறாட்டியும் நான் ஆடிப்புடுறேன்."

"வேணாம் மதினி. வராத சாமிய எனக்காகக் கூட்டியாராதீக."

"கிறுக்கி, பொழப்புப் போயிரும்டி."

"போகட்டும். நீங்க ஒருவாட்டி சும்மா ஆடிட்டீகன்னா, பொறவு எந்த ஊர்ல சாமி வந்தாலும் என்னால நம்ப முடியாது."

சந்தனம்மாள் அக்காவின் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். "சரி, ஆடல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயக் கச்சேரி தொடங்கியது. "சுதிய நல்லா எறக்கிட்டேன்க்கா, தைரியமாப் பாடுங்க" என்றார் கீபோர்டில் இருந்த சங்கரபாண்டியன். இறக்கியும் முதல் அடியிலேயே குரல் பிசிறியது.

"ஏலே, பேட்டரி வீக்குடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, சிரிப்பு பரவியது.

அக்கா கையைக் காட்டிக் கீபோர்டை நிறுத்தினார். உறுமி மட்டும் ஒலித்தது. மறுபடி உச்சிக்குப் போகவே அவர் முயலவில்லை. பக்கத்தில் நிற்கும் யாரிடமோ குறை சொல்வதுபோல, கீழ்க்குரலிலேயே பாடினார். சிரிப்பு அடங்கியது. சந்தனம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவராகக் கைகட்டி நின்றார். கடைசி அடிக்கு முன் அவர் கொண்டை அவிழ்ந்தது. கூச்சலிட்டு ஆடினார். பெண்கள் குலவை போட்டார்கள்.

மறுநாள் காலையில் திருச்சுழிப் பக்கத்து ஊரிலிருந்து பாட வரச் சொல்லிப் போன் வந்தது. "கொஞ்ச நேரத்துல சொல்றேன்" என்று வைத்துவிட்டு, அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு சந்தனம்மாள் வீட்டுக்குப் போனார்.

"நெசமாச் சொல்லுங்க மதினி. சாமி வந்துச்சா, நீங்களா ஆடுனீகளா?"

"ஆடுனவளுக்கு என்னடி ஞாபகம் இருக்கும்? கைகட்டி நின்னது தெரியும். தண்ணி குடுத்தாக, அது தெரியும். நடுவுல ஒண்ணும் தெரியாது."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்த பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

அங்கே நின்றபடியே போனை எடுத்து, வருவதாகச் சொன்னார் அக்கா.

"எந்த ஊருடி? நானும் வாரேன்" என்றார் சந்தனம்மாள்.

"நீங்க வரக் கூடாது மதினி. நீங்க இல்லாத எடத்துல சாமி வருதான்னு பாக்கணும்."